கொள்கை அளவில் சம்மதம்

மனைவியிடம் எதையும் நேராக மறுப்பதில்லை என்று நான் ஒரு முடிவெடுத்தேன். பயம் என்று நினைக்க வேண்டாம். பயம்தான். ஆனால் அப்படி நினைக்க வேண்டாம்.

நேராக மறுத்தால் என்ன ஆகும் என்பதற்கு எங்கள் வீட்டுப் பரண் சாட்சி. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், "பரணை ஒழிக்கணும்" என்றாள். "என்னால முடியாது" என்றேன். "ஏன்?" என்றாள். ரெண்டே எழுத்துக் கேள்வி. அதற்கு மத்தியானம் வரை கீழே நின்று பதில் சொன்னேன். சாயங்காலம் பரண்மேல் உட்கார்ந்து தும்மினேன்.

தும்மிக்கொண்டே யோசித்தேன். ஆபீசில் நாள் முழுக்க எத்தனை பேரிடம் 'முடியாது' என்று சொல்கிறேன்! ஒருத்தராவது 'ஏன்' என்று கேட்டதுண்டா? ஏன் கேட்கவில்லை? ஏனென்றால் நான் முடியாது என்று சொன்னதே அவர்களுக்குத் தெரியாது.

இங்கே என் தொழிலைச் சொல்லிவிட வேண்டும். லிஃப்ட் செய்து விற்கிற கம்பெனியில், புகார்களுக்குப் பதில் எழுதும் பிரிவில் இருக்கிறேன். லிஃப்ட் கம்பெனியில் வேலை பார்த்தும், சேர்ந்த நாள் முதல் ஒரு படிகூட மேலே போகாதவன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். ஆனால் என் பிரிவில் என்னை அடிக்க ஆளில்லை. 'லிஃப்ட் பாதியிலே நின்றுவிட்டது, என் மாமியார் உள்ளே மாட்டிக்கொண்டிருக்கிறார்' என்று ஒருவர் எழுதுவார். நான் எழுதுவேன்: 'தங்கள் கட்டடத்தின் செங்குத்துப் பயணச் சேவையில் ஏற்பட்டுள்ள தற்காலிகத் தொடர்ச்சியின்மை எங்கள் கனிவான கவனத்துக்கு வந்துள்ளது. ஆவன செய்யப்படும்.' படித்தவருக்கு ஆள் வருமா வராதா என்று தெரியாது. எனக்கும் தெரியாது. ஆனால் மறுபடி எழுத மாட்டார். எதிர்த்து எழுத வேண்டுமானால் முதலில் புரிய வேண்டுமே. உள்ளே இருப்பது மாமியார் என்பதும் ஒரு காரணமாக இருக்கலாம்.

ஆபீசில் எனக்குப் பட்டப்பெயர் பஞ்சு. வைத்தவர் மேனேஜர். "கல்லைக்கூடப் பஞ்சுல சுத்தி அடிப்பான்யா. அடி வாங்கினவன் நன்றி சொல்லிட்டுப் போவான்" என்பார்.

என் மனைவியின் தொழில் இதற்கு நேர் எதிர். அவள் கண் ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கிறாள். டாக்டர் அறையிலிருந்து வெளியே வருகிறவர்கள் நேராக அவள் மேஜைக்குத்தான் வருவார்கள். முகம் வெளுத்திருக்கும். "டாக்டர் ஏதோ பெருசாச் சொன்னாரும்மா, ஒண்ணும் விளங்கலை" என்பார்கள். அவள் சீட்டைப் பார்ப்பாள். "கண்ணுல புரை. எடுத்துடலாம். வலிக்காது" என்பாள். அவ்வளவுதான். வந்தவர் வெளுத்த முகத்துக்கு ரத்தம் திரும்பி வரும்.

தெளிந்த தண்ணீரைக் கலக்குவது என் பிழைப்பு. கலங்கின தண்ணீரைத் தெளிய வைப்பது அவள் பிழைப்பு. ரெண்டு பேருக்கும் வீட்டில் இருப்பது ஒரே குடம்.

போன மாதம் ஒரு நாள் அவள் வேலையிலிருந்து வழக்கத்தைவிடத் தாமதமாக வந்தாள். கைப்பையைக் கீழே வைக்கவில்லை. செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"என்னங்க, ஆஸ்பத்திரியில சாயங்காலப் பிரிவு ஆரம்பிக்கறாங்க. அதுக்கு என்னையே பொறுப்பாப் போடறேங்கறாங்க."

"அடேயப்பா!" என்றேன். அதுவரை வந்தது உண்மையான சந்தோஷம்தான்.

"மத்தியானம் போனா ராத்திரி சாப்பாட்டு நேரத்துக்குத்தான் வருவேன். திங்கக்கிழமை ஆரம்பம், அதுக்குள்ள பதில் சொல்லணும். நீங்க என்ன சொல்றீங்க?"

சந்தோஷம் சட்டென்று பாதி மாடியில் நின்றுவிட்டது. சாயங்காலம் நான் வீட்டுக்குள் நுழைந்ததும் கைக்கு வருகிற காபி கண்முன் வந்தது. பிறகு தட்டு. பிறகு தட்டில் இருப்பது. பிறகு எங்கள் பெண்ணின் வீட்டுப்பாடம். எல்லாம் வரிசையாக வந்து, எனக்குக் கை காட்டிவிட்டுப் போயின.

'வேண்டாம்' என்று சொல்லத்தான் நினைத்தேன். எப்படிச் சொல்வது? நான் முற்போக்கான ஆள். எதிர்வீட்டு ட்ராயிங் டீச்சரிடம், பெண்கள் முன்னேற வேண்டும் என்று மாடிப்படியில் நின்று மணிக்கணக்காகப் பேசியிருக்கிறேன். முன்னேறட்டும். ஆறு மணிக்குள் முன்னேறிவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டால் இன்னும் நல்லது.

தொண்டையைக் கனைத்துக்கொண்டேன்.

"கொள்கை அளவில் இதை நான் முழு மனசோட வரவேற்கறேன்."

மேஜையில் கணக்குப் போட்டுக்கொண்டிருந்த பெண் தலையைத் தூக்கினாள். "கொள்கை அளவுன்னா எவ்வளவுப்பா? டம்ளர்ல அளக்கறதா, லிட்டர்லயா?"

"நீ கணக்கைப் போடு" என்றேன். மனைவி பக்கம் திரும்பினேன். "ஆனா, வீட்டோட மாலைநேரச் செயல்பாடுகள்ல ஒரு தொய்வு வந்துடக் கூடாது இல்லையா? அதனால, உரிய மாற்று ஏற்பாடு உறுதி செய்யப்பட்ட பிறகு, சூழலுக்கு ஏத்த மாதிரி, படிப்படியா நடைமுறைப்படுத்தறது சம்பந்தமா ஆவன செய்யலாம்."

சொல்லி முடித்ததும் எனக்கே உடம்பு சிலிர்த்தது. ஆபீசில்கூட இவ்வளவு அழகாக வந்ததில்லை.

அவள் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். டாக்டர் எழுதிய சீட்டைப் பார்க்கிற அதே பார்வை.

"சரி" என்றாள்.

"சரின்னா?"

"புரிஞ்சுதுன்னு அர்த்தம்."

செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போய்விட்டாள். எனக்கு அப்போதே சந்தேகம் வந்திருக்க வேண்டும். என் வாக்கியத்தைப் புரிந்துகொண்டவர் அதுவரை ஒருவருமில்லை. ஆனால் ஜெயித்த மயக்கம் யாரை விட்டது? அன்று கூடுதலாக ஒரு காபி கேட்டு வாங்கிக் குடித்தேன்.

மறுநாள் சாயங்காலம் மாடிப்படி ஏறிக்கொண்டிருந்தேன். எதிர்வீட்டு ட்ராயிங் டீச்சர் படியில் நின்றுகொண்டிருந்தார். கண் கலங்கியிருந்தது.

"உங்க கையைக் குடுங்க சார்" என்றார்.

கொடுத்தேன். பிடித்துக் குலுக்கினார். கையில் இருந்த நீலச் சாயம் என் கையிலும் ஒட்டிக்கொண்டது.

"எங்க வீட்டுக்காரர் இருந்தவரைக்கும் தண்ணியைக்கூட எடுத்துக் குடிச்சதில்ல. நீங்க என்னடான்னா தினமும் சமைக்கறேன்னு சொல்லிட்டீங்களாமே!"

"யாரு?"

"நீங்க."

"யார் சொன்னாங்க?"

"உங்க வீட்டம்மாதான். காலையில தண்ணித் தொட்டிகிட்ட எல்லாரும் இருந்தோம். எங்க எல்லார்கிட்டயும் சொன்னாங்க. மேல்மாடிக்காரர் வீட்டுல இப்ப அதனால பெரிய சண்டை."

ரெண்டு ரெண்டு படியாகத் தாவி ஏறினேன். மனைவி துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"நான் எப்போ சமைக்கறேன்னு சொன்னேன்?"

"மாற்று ஏற்பாடு வேணும்னு சொன்னீங்கல்ல?"

"சொன்னேன்."

"வீட்டுல இருக்கறது மூணு பேர். நான் ஆஸ்பத்திரியில இருப்பேன். இவளுக்கு அடுப்பு எட்டாது. மிச்சம் யாரு?"

"அது... உறுதி செய்யப்படணும்னு சொன்னேன்."

"உறுதி பண்ணிட்டேன். ஆஸ்பத்திரியிலயும் சொல்லியாச்சு."

"படிப்படியான்னு சொன்னேனே!"

"ஆமாம். அதையும் மறக்கலை. முதல்ல சமையல். அப்புறம் பாத்திரம். அப்புறம் துணி. படிப்படியாத்தானே?"

நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். நுணலாவது ஏதோ மழைக்குக் கத்தியது. நான் இலக்கண சுத்தமாகக் கத்தியிருக்கிறேன்.

'நான் சொன்னதுக்கு அர்த்தம் அது இல்ல' என்று வாயெடுத்தேன். வாயெடுத்தவன் அப்படியே மூடிக்கொண்டேன். 'பின்ன என்ன அர்த்தம்?' என்று கேட்பாள். அர்த்தத்தைச் சொல்லியாக வேண்டும். நீ வேலைக்குப் போனால் எனக்கு யார் சோறு போடுவார்கள் என்பதுதான் அர்த்தம். அதைத் துணி இல்லாமல் வெளியே கூட்டிக்கொண்டு வர எனக்கே வெட்கமாக இருந்தது.

ஒரு வழி பாக்கி இருந்தது. ஆபீசில் எந்த யோசனையையாவது கொல்ல வேண்டுமானால் அதைக் கொல்ல மாட்டோம். குழு அமைப்போம். அது தானே செத்துவிடும்.

"இது குடும்பம் மொத்தத்துக்கும் சம்பந்தப்பட்ட விஷயம். ஒரு குழு அமைச்சுக் கலந்தாலோசிக்கறது நல்லதுன்னு படுது" என்றேன்.

"நல்ல யோசனை" என்று போனை எடுத்தாள். எங்கள் பெண்ணைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டாள். போன் ஸ்பீக்கரில் என் அம்மா.

"அத்தை, உங்க பிள்ளை ஒரு குழு போட்டிருக்கார். நீங்கதான் தலைவர்."

"எதுக்குடிம்மா?"

"எனக்குச் சாயங்கால வேலை வந்திருக்கு. பெரிய பொறுப்பு. இவர் சமைக்கலாமா வேண்டாமான்னு நீங்க சொல்லணும்."

"ஏன், அவன் கைக்கு என்ன ஆச்சு?"

"கை நல்லாத்தான் இருக்கு அத்தை."

"அப்போ சமைக்கட்டும். அவங்கப்பா மாதிரி ஆயிடுவானோன்னு நான் எவ்வளவு கவலைப்பட்டிருக்கேன் தெரியுமா? டேய், இருக்கியா? சோத்துக்கு உப்புப் போட மறந்துடாதே!"

பெண்ணும் அதற்கு ஆதரவாகக் கையைத் தூக்கினாள். குழு கலைந்தது. கொல்ல அனுப்பிய குழு என்னையே பார்த்துச் சுட்டுவிட்டுப் போய்விட்டது.

ஆபீசில் மேனேஜரிடம் முறையிட்டேன். அவர் பேனாவை மூடி வைத்துவிட்டு, தன் அனுபவத்தைத் திறந்தார். "ஒரு வேலையை ஒரு தடவை உருப்படியாக் கெடுத்துடுய்யா. அப்புறம் அதை உன்கிட்ட யாரும் தர மாட்டாங்க. நான் எப்படி மேனேஜர் ஆனேன்னு நெனச்சே?"

திங்கட்கிழமை மனைவி மத்தியானமே கிளம்பிப் போனாள். சாயங்காலம் நான் உருப்படியாகக் கெடுத்தேன். சோறு கூழாகி, கரண்டியை விட மறுத்தது. முட்டையை அடுப்பில் போட்டுவிட்டு வாசலுக்குப் போய்த் தெருவை வேடிக்கை பார்த்தேன். புகை என்னைத் தேடிக்கொண்டு வாசலுக்கே வந்தது.

மனைவி வந்து சாப்பிட உட்கார்ந்தாள். தட்டில் வைத்தேன்.

"முட்டை சற்றே வெப்ப மிகைப்பாட்டுக்கு உள்ளாகியிருக்கு" என்றேன், வருத்தத்தோடு.

"கருகிப்போச்சுன்னு சொல்லுப்பா" என்றது பெண்.

"சோறு எதிர்பார்த்ததைவிடக் கூடுதலா ஒருங்கிணைஞ்சிருக்கு."

மனைவி ஒரு வாய் எடுத்து வைத்தாள். மென்றாள். விழுங்கினாள். இனி அவ்வளவுதான், நாளைக்கே சாயங்கால வேலையை ராஜினாமா செய்துவிடுவாள் என்று காத்திருந்தேன்.

"சோத்துக்குத் தண்ணி ஜாஸ்தி. பாதி வைங்க. முட்டை போட்டதும் தீயைக் குறைக்கணும், பக்கத்துலயே நிக்கணும். ரெண்டு நாள்ல சரியாயிடும்" என்றாள். 'வலிக்காது' என்று மட்டும்தான் சொல்லவில்லை.

மறுநாளும் கெடுத்தேன். அதற்கு மறுநாளும். அப்போதுதான் மேனேஜரின் திட்டத்தில் ஓர் ஓட்டை தெரிந்தது. கெடுத்ததை நானும் சாப்பிட வேண்டியிருந்தது. மேனேஜர் தான் கெடுத்த எந்த வேலையையும் தின்று பார்த்தவர் இல்லை. நான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு, அவள் சொன்னபடி தண்ணீரைப் பாதியாக்கினேன். சோறு உதிரி உதிரியாக வந்தது. தீயைக் குறைத்தேன். முட்டை மஞ்சளாகவே இருந்தது. வாரக் கடைசியில் பெண் ரெண்டாவது தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள். என் திட்டத்தின் பிணத்தைப் பார்த்துக்கொண்டு நானே பரிமாறினேன்.

சமையல்கூடப் பரவாயில்லை. அதைவிடப் பெரிய கஷ்டம் ஒன்று வந்து சேர்ந்தது. அதை நான் எதிர்பார்க்கவில்லை.

தினமும் சாயங்காலம் ஆபீசில் நடந்ததையெல்லாம் அவளிடம் சொல்வது என் வழக்கம். எந்த லிஃப்ட் எங்கே நின்றது, நான் என்ன எழுதினேன், மேனேஜர் எப்படிச் சிரித்தார் எல்லாம். அவள் காய் நறுக்கிக்கொண்டே, "அந்தாளு கடைசியில எப்படி வெளியே வந்தாரு?" என்று கேட்பாள். அதை மட்டும் எனக்குச் சொல்லத் தெரியாது. இப்போது நான் காய் நறுக்குகிறேன். கேட்க ஆளில்லை. பெண்ணிடம் சொன்னால், "நாளைக்குப் பரீட்சைப்பா" என்கிறாள். மனைவி வரும்போது கண் சொக்கியிருக்கும். சாப்பிட்டுவிட்டு, "நாளைக்குச் சொல்லுங்களேன்" என்று படுத்துவிடுவாள். நாளைகள் சேர்ந்துகொண்டே போயின. வீடு சாயங்காலத்தில் இவ்வளவு பெரியதா என்று எனக்கு அதுவரை தெரியாது.

ஒரு நாள் மனசு கேட்கவில்லை. பெண்ணை ட்ராயிங் டீச்சர் வீட்டில் விட்டுவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன். இன்று நேராகச் சொல்லிவிடுவது. பஞ்சு கிடையாது. கல்தான்.

அவள் மேஜைக்கு முன்னால் வரிசையாக நாற்காலிகள். காலியாக இருந்ததில் உட்கார்ந்தேன். பக்கத்தில் இருந்தவர் எழுந்து அடுத்த நாற்காலிக்குப் போனார். நானும் போனேன். அதன் பிறகுதான் தெரிந்தது, நானும் வரிசையில் ஒரு நோயாளி ஆகிவிட்டேன் என்று.

டாக்டர் அறையிலிருந்து ஒரு லாரி டிரைவர் வந்தார். ஆள் கதவை அடைத்துக்கொள்கிற உடம்பு. கையில் இருந்த சீட்டை அவள் முன்னால் நீட்டினார்.

"என்னம்மா சொல்றாரு டாக்டர்? பாதி தமிழ், பாதி வேற என்னமோ. நான் வண்டி ஓட்டலாமா, கூடாதா?"

அவள் சீட்டைப் பார்த்தாள். பிறகு அவரைப் பார்த்தாள்.

"இப்ப ஓட்டக் கூடாதுண்ணா. ஓரத்துல வர்றது உங்களுக்குத் தெரியலை. மருந்து போட்டா இதுக்கு மேல கெடாம நிறுத்தலாம். போன பார்வை திரும்பி வராது."

"அப்போ லாரி?"

"இனிமே வேண்டாம். வேற வேலை பாருங்க."

அவர் பெரிய கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். அவள் அவசரப்படுத்தவில்லை. கொஞ்சம் பொறுத்து, "இதைத்தாம்மா தெரிஞ்சுக்கணும்னு வந்தேன்" என்று சொல்லி, கும்பிட்டுவிட்டுப் போனார். வாசலில் நின்று பையிலிருந்த சாவியை எடுத்துக் கூட வந்த மகனிடம் கொடுத்ததைப் பார்த்தேன்.

நானாக இருந்தால் என்ன சொல்லியிருப்பேன் என்று யோசித்தேன். 'தங்கள் பார்வைத்திறன் சார்ந்த தொழில் தொடர்ச்சி பரிசீலனையில் உள்ளது.' அவர் சந்தோஷமாக வாங்கிக்கொண்டு, லாரியை ஓட்டிக்கொண்டே வீட்டுக்குப் போயிருப்பார். போகிற வழியில் யார் இருந்தார்களோ!

"அடுத்து" என்றாள். அடுத்தது நான்.

"நான்தான்" என்றேன்.

"தெரியுது. எனக்குக் கண்ணு நல்லாத்தான் இருக்கு. பாப்பா எங்கே?"

"டீச்சர் வீட்டுல."

"சரி, சொல்லுங்க. என்ன பிரச்சினை?"

"வந்து... நடப்பு ஏற்பாட்டுல இருக்கற சில நடைமுறைச் சிக்கல்களைப் பொறுத்தவரைக்கும்..."

ஒரு விரலைத் தூக்கினாள். "இந்த மேஜையில புரியற மாதிரி பேசணும். பின்னாடி ஆளுங்க காத்திட்டிருக்காங்க."

மூச்சை இழுத்துக்கொண்டேன். "எனக்குச் சமைக்கப் பிடிக்கலை. சாயங்காலம் நீ வீட்டுல இல்லாதது பிடிக்கலை. அன்னிக்கே வேண்டாம்னு சொல்லணும்னு நெனச்சேன். தைரியம் வரலை."

கூரை இடிந்து விழவில்லை. பின்னால் இருந்த பாட்டியம்மா மட்டும் கண்ணில் கட்டோடு காதைத் தீட்டிக்கொண்டார். மனைவியின் முகத்தில் சிரிப்பு வந்தது.

"இதை அன்னிக்கே சொல்வீங்கன்னு நெனச்சேன். எப்படிச் சண்டை போடணும், எதுக்கு என்ன பதில் சொல்லணும்னு பஸ்ல வரும்போதே தயார் பண்ணிட்டு வந்தேன். நீங்க வாயைத் திறந்தீங்க, எனக்கு வேலையே வைக்கலை."

"அப்போ நான் வேண்டாம்னுதான் சொல்றேன்னு உனக்குத் தெரியுமா?"

"முதல் வார்த்தையிலேயே தெரியும். ஒருத்தர் சம்மதம்னா சம்மதம்னு சொல்வாங்க. இடையில கொள்கை எதுக்கு வருது?"

"தெரிஞ்சும் ஏன் ஒண்ணும் சொல்லலை?"

"நீங்க சொல்லாததை உங்களுக்காக நான் சொல்லணுமா? நல்லாருக்கே."

நியாயம்தான். ஆனாலும் விடவில்லை. முதல் தடவையாக நேராகப் பேசிய சூடு எனக்கு. "சரி, போனது போகட்டும். இப்பச் சொல்லிட்டேன் இல்ல? பிடிக்கலைன்னா பிடிக்கலை. எனக்குச் சமைக்கப் பிடிக்கலை."

"எனக்கும்தான்."

"என்ன, எனக்கும்தான்?"

"சமைக்கறது. பிடிக்கவே பிடிக்காது. கல்யாணமான நாள்லேர்ந்து பிடிக்காது."

நான் நாற்காலியைப் பிடித்துக்கொண்டேன். "இத்தனை வருஷத்துல நீ ஒரு வார்த்தை சொன்னதில்லையே!"

"நீங்க ஒரு வார்த்தை கேட்டீங்களா?"

எனக்குத் தெரிந்த வார்த்தைகளையெல்லாம் வரிசையாக நிறுத்திப் பார்த்தேன். நீளமானது, குட்டையானது, சுற்றி வளைத்தது எல்லாம் நின்றன. ஒன்றுகூட முன்னால் வரவில்லை.

அவள் என் தோளுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தாள்.

"அடுத்தவங்க வாங்க" என்றாள்.